வாத்தியார் வீட்டுக் கைத்துப்பாக்கி

பழம்பொருள் வியாபாரி சிஹாபுதீன் பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கைத்துப்பாக்கியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஏசுவடியாளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட இப்படி அடித்ததில்லை. ஃபெயிலாகிவிடுவோம் என்று அதில் முன்பே தெரியும்.

அவர்கள் இருந்தது அவளுடைய அப்பா சத்தியநாதன் வாத்தியார் கட்டிய வீட்டின் முன்னறையில். இப்போது அது தம்பி ஜோன்ஸின் வீடு; துப்பாக்கி இன்னும் அங்கேதான் கிடந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்து உயிலைப் பிரித்தபோது நாலே வரிதான் இருந்தது. வீடு மகனுக்கு. துப்பாக்கி மகளுக்கு. இரண்டும் சமம். சண்டை போடாதீர்கள். சண்டை போடவில்லைதான்; பேச்சும் இல்லை. திருவேங்கடம் ரோட்டில் வாடகை வீட்டில் தையல் மெஷினை மிதித்துக் காலம் தள்ளுகிறவளுக்கு அந்தச் 'சமம்' மீன் முள்ளாகத் தொண்டையில் நின்றது. காசு வந்தால் கசக்கும் என்றில்லை. ஆனால் அதைவிட, அப்பா தன்னை மகனுக்குச் சமமாக வைத்தாரா, அல்லது அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல வாயை அடைத்தாரா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் கல்லறைக்குப் பூ எடுத்துப் போகவும் கால் எழவில்லை.

குதிரையில் ஊர் ஊராகப் போன ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாருக்குப் பூட்டனார் சமையல்காரராக இருந்தார். அந்த வழியில் வந்தது துப்பாக்கி. கடைசியாக எப்போது வெடித்தது என்று யாருக்கும் தெரியாது. இது சுடாது என்று அப்பா கலெக்டர் ஆபீஸில் எழுதி வாங்கிய தாள் ஒன்று உண்டு. ஆனால் ஏசுவடியாளுக்குப் பத்து வயதான நாளிலிருந்து டிசம்பர் தவறாமல் அதற்குக் குளியல் நடந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்து, குத்துவிளக்கும் தாம்பாளமும் விளக்குகிற அன்றைக்கே துப்பாக்கியும் முற்றத்துக்கு வந்துவிடும். கேரல் பாட வருகிற சபையார் முன்னால் அது பளபளக்காவிட்டால் அப்பாவுக்குக் கிறிஸ்துமஸே வராது.

பாய் பித்தளைத் தகட்டை விரலால் தடவினார். மறுபடியும் தடவினார்.

"நாப்பது வருசத்துக்கு முன்ன எங்க வாப்பாகூட நானும் இதப் பாக்க வந்தேம்மா. இந்தா, இங்கன செஞ்சவன் முத்திரை இருந்துச்சு. 'வாத்தியாரே, இது ஒரு வீட்டு வெல பெறும்'னாக வாப்பா. என் காதால கேட்டேன்."

ஏசுவடியாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா பொய் எழுதவில்லை. மூன்று மாதமாக மனசுக்குள் அவரை என்னவெல்லாம் திட்டியிருக்கிறாள்!

"இப்ப எவ்வளவு பெறும் அண்ணாச்சி?"

"முத்திரையத்தான் காணோமே. தேச்சே எடுத்துட்டாக. கறுத்துக் கெடந்தாத்தான் இதுக்கு மதிப்பு. இப்ப முப்பதாயிரம் தேறும். அதுக்கு மேல சொன்னா அது பொய்."

வீட்டு விலை என்று கேள்விப்பட்ட அந்த வருஷம்தான், அவளுடைய பத்தாவது வயதில், அப்பா இதைத் தேய்க்கச் சொல்லியிருக்க வேண்டும். அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அழுதே இருக்கலாம்.

"நாந்தான் அண்ணாச்சி. வருசா வருசம் செங்கப்பொடி போட்டுத் தேச்சேன். எங்கப்பா குடுத்த வீட்ட நானே அழிச்சுட்டேன்."

கதவோரம் கையைக் கட்டி நின்ற ஜோன்ஸ் அதுவரை வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. சும்மா நின்றிருந்தால் பாய் கிளம்பியிருப்பார். அக்கா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பாள்.

"ஏக்கா, நீ தேச்சது இரும்பு," என்றான். "பித்தளைக்குப் புளி போட்டுத் தேச்சது நான்லா. இரும்பத் தொட்டா கை கறுத்துரும்னு நாந்தான அழுது பித்தளைய வாங்குவேன்."

அவளுக்கு நினைவு வந்தது. கறுத்துப்போன தன் பத்து விரல்களும், 'தங்கமாயிருச்சு, தங்கமாயிருச்சு' என்று முற்றமெல்லாம் குதித்த ஆறு வயது ஜோன்ஸும்.

"முத்திரைய அழிச்சது நான். உன் பங்கத் தேச்சுட்டு என் பங்குல உக்காந்திருக்கேன். இந்த முன்ரூம் தெருவப் பாத்துத்தான இருக்கு? மெஷின இங்கன கொண்டாந்து போடு. எழுதியே தாரேன்."

"உம் பொண்டாட்டி என்ன சொல்லுவா?"

"அவகிட்ட... நான் பேசுதேன்," என்று எச்சிலை விழுங்கினான். அந்த எச்சில் விழுங்கலைப் பார்த்த பிறகுதான், இவன் நிஜமாகவே சொல்கிறான் என்று அவள் நம்பினாள்.

"அப்ப விக்கியளா, இல்லியாம்மா?" என்றார் பாய்.

ஏசுவடியாள் கைப்பையைத் துழாவி இஞ்ச் டேப்பை எடுத்து, ஒரு நுனியைத் தம்பியிடம் நீட்டினாள். மெஷின் மேசை முப்பத்திரண்டு இஞ்ச். ஜோன்ஸ் வாசல் நிலையின் அந்தப் பக்கம் குனிந்து பிடித்தான். அவள் இந்தப் பக்கம் இழுத்து, கண்ணைச் சுருக்கி எண்ணைப் பார்த்தாள். நாலு விரற்கடை கூடவே இருந்தது. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை இழுத்துப் பிடித்தாள். போக வழியில்லாத சிஹாபுதீன் பாய், கையில் துப்பாக்கியோடு, டேப் இறங்கட்டும் என்று காத்து நின்றார்.