உப்பு ரயில் போன வழி

"என் ஆராய்ச்சி தப்பு சார். அந்த வரைபடம் செல்லாதுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

நெறியாளரிடம் இப்படி ஒருநாளும் கேட்டுவிடாதே என்று ரோகிணிக்குத் துறையில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டாள்.

பேராசிரியர் தேசிகன் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா, செங்கல்பட்டு வெயில் தலைக்கு ஏறிடுத்தா? வாய்மொழித் தேர்வு ஒண்ணுதான் பாக்கி. உங்க குடும்பத்துல முதல் டாக்டர் நீ."

அந்தச் சொல்தான் நெஞ்சை அறுத்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் கடப்பாக்கத்து உப்பளங்களிலிருந்து ஒரு குட்டி ரயில் ஓடியது. உப்பு மூட்டைக்காகப் போட்ட பாதை. சில வருஷத்திலேயே மூடிவிட்டார்கள். அது எந்த வழியாகப் போனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ரோகிணி தேடிக் கிளம்பினாள். அவள் ஊர் ஓட்டு வீடுகளில் உத்தரமாகக் கிடந்தது தண்டவாளம். ஆயுத பூசைக்கு அதற்கும் மஞ்சள் குங்குமம் உண்டு.

"எங்க வூட்டுக்குள்ளயே ரயிலு கீது பாரு! நல்லா போட்டோ புடிச்சிக்கோ கண்ணு," என்று எல்லம்மாள் அத்தை கையைப் பிடித்து இழுத்தாள். "நீ பட்டம் வாங்கிகினு வா, இந்த உத்தரத்துக்கே மால போடுறேன்."

தண்டவாள உத்தரம் கண்ட வீட்டுக்கெல்லாம் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். புள்ளிகளைச் சேர்த்தாள், பாதை வந்துவிட்டது. தேசிகன் அதைத் தன் புத்தகத்தில் போட்டார். புதுச் சாலைக்கு இடம் தேடியவர்கள் கையில் புத்தகம் சிக்கியது. கோட்டின் மேல் இருந்த வீடெல்லாம் ரயில் புறம்போக்காம், ஆக்கிரமிப்பாம். பட்டா இல்லாத தெரு, கேட்க நாதியில்லை.

முதலில் எல்லம்மாள் வீட்டை இடித்தார்கள். ரோகிணி ஓடிப்போய்ப் பார்த்தபோது ஓட்டுக் குவியலில் தண்டவாளம் மட்டும் முழுசாகக் கிடந்தது. அத்தை திட்டவில்லை. "உன் படிப்புக்குன்னுதானே கண்ணு காட்னேன்," என்றாள். திட்டியிருக்கலாம்.

அப்பா சுப்பிரமணிதான் கத்தினார். "ரயிலு எங்கடி இந்தத் தெருவுல வந்துச்சு? லைனைப் பேத்து ஏலம் வுட்டானுங்க. எங்க தாத்தா மாட்டு வண்டியில கட்டி இழுத்துகினு வந்த இரும்புடி அது! என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. ஊரையெல்லாம் கேட்டவள், பள்ளிக்கூடம் போகாத அப்பனைக் கேட்கவில்லை.

"திங்கக்கிழமை மிச்சத் தெருவும் போவுது சார், எங்க வீடும்தான். இரும்பு கிடக்கிற இடம் வேற, ரயில் ஓடின இடம் வேற. அதை மட்டும் எழுதுங்க."

"எழுதினா என் புத்தகம் என்ன ஆறது? உன் பட்டமும் போயிடும், புரியறதா? அவாளுக்கு மாத்து வீடு தருவா."

"கோடு உங்க வீட்டு மேல போயிருந்தா?"

"அதிகப்பிரசங்கி! உனக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன்?"

"செஞ்சீங்க சார், இல்லன்னு சொல்லல." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் செஞ்சதைத்தான் என்னால தாங்க முடியல."

மாடி ஏறி வருவதற்கு முன்பே கீழே அலுவலகத்தில் ஆய்வேட்டைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்திருந்தாள். இவர் கையெழுத்து இருந்தால், தெருவை இடிப்பது பற்றி நாளை அதிகாரிகள் நடத்தும் விசாரணையில் வலுவாக இருந்திருக்கும். இல்லாவிட்டால் என்ன, தன் வாயால் தானே சொல்ல வேண்டியதுதான்: படம் வரைந்தவள் நான், வரைந்தது பிழை.

"ரோகிணி, நில்லு! அவசரப்படாதே!"

அவள் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.