ஓரகத்தியின் ஓவன்

சின்னவள்மேல் ஒரு குறை சொல்லேன் என்று யாராவது கேட்டிருந்தால் மூத்தவள் திணறித்தான் போயிருப்பாள். அதுவே அவளுக்குப் பெரிய குறையாக இருந்தது. ஓரகத்தி என்று ஒருத்தி வந்தால் சோம்பேறியாகவாவது இருக்க வேண்டும், வாயாடியாகவாவது இருக்க வேண்டும். நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். இவளோ மாடிக்குக் குடிவந்த எட்டு மாதத்தில் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. வாய்க்கு வாய் அக்கா. அப்படிப்பட்டவளைத் திட்டினால் திட்டியவளுக்குத்தான் பாவம்.

கீழ்வீட்டுக்கும் மாடிவீட்டுக்கும் நடுவில் பன்னிரண்டு படி. மூத்தவளின் மகள் பள்ளிவிட்டு வந்ததும் பையைக் கீழே கடாசிவிட்டு அந்தப் பன்னிரண்டையும் ஆறாகத் தாண்டி மேலே போய்விடுவாள். ஆள் சிறிசு, வாய் காரம் என்பதால் வீட்டில் அவளுக்கு மிளகு என்று பெயர். மூத்தவள் ஆஸ்பத்திரி வேலை முடிந்து ஐந்து மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போது மாடியிலிருந்து முதலில் வெனிலா வாசனை இறங்கிவரும், அப்புறம் சிரிப்புச் சத்தம் வரும். மகள் வர ஏழு மணியாகும்.

"சாப்பிட வா."

"பசிக்கலைம்மா. சித்தி பிஸ்கட் பண்ணாங்க."

இந்தப் 'பசிக்கலைம்மா' தினமும் ராத்திரி மூத்தவளின் வயிற்றில் போய் எரியும். சின்னவளுக்குப் பிள்ளை இல்லை, பகல் முழுக்கத் தனியாக இருக்கிறாள், பாவம், குழந்தை போனால் போகட்டும் என்று புத்தி சொல்லும். புத்தி சொல்வதை வயிறு என்றைக்குக் கேட்டிருக்கிறது?

மிளகுக்குப் பத்து வயது பிறக்கப்போகும் வாரத்தில் அந்தப் பேச்சு வந்தது.

"எனக்கு இந்தத் தடவை சுருட்டின கேக் வேணும். வெட்டினா உள்ள நத்தை ஓடு மாதிரி சுத்திச் சுத்திப் போகுமே, அது. சித்திகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் மிளகு.

"சித்தி எதுக்கு? பெத்தவ நான் இருக்கேன். நான் பண்றேன்."

மூத்தவளின் கணவன் கடிகாரம் பழுது பார்ப்பவன். கண்ணில் இடுக்கியிருந்த பூதக்கண்ணாடி நழுவிச் சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது.

"நீயா?"

"ஏன்? கேக் என்ன ராக்கெட்டா? நாலு முட்டை, கொஞ்சம் மாவு, கொஞ்சம் சர்க்கரை."

"ராக்கெட்டுன்னா எங்கயாவது போயாவது விழும். அதான் யோசிக்கறேன்."

மிளகு சிரிக்கவில்லை. அம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். "அம்மா, என் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் வராங்க. நல்லா வரலைன்னா என்னைக் கிண்டல் பண்ணுவாங்க. சித்தியே பண்ணட்டுமே, ப்ளீஸ்."

அந்த 'ப்ளீஸ்' போதும். இனி உலகமே புரண்டாலும் அந்தக் கேக்கைத் தன் கையால்தான் செய்வது என்று மூத்தவள் முடிவு செய்துவிட்டாள். ஒரே ஒரு இடைஞ்சல். கீழ்வீட்டில் இருப்பது இரண்டு பர்னர் அடுப்பு. ஓவன் இருப்பது மாடியில்.

யாரை வெல்ல வேண்டுமோ அவளிடமே போய்க் கத்தியைக் கடன் கேட்கிற கதைதான். போய்க் கேட்டாள்.

"இதுக்கெல்லாம் கேக்கணுமாக்கா? ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் எங்கம்மாவைப் பார்க்கப் போறோம். நாலு மணிக்கு வந்துடுவோம். சாவி குடுத்துட்டுப் போறேன்" என்ற சின்னவள், கொஞ்சம் தயங்கி, "நான் வேணும்னா போகாம கூட இருக்கட்டுமா?" என்றாள்.

"வேணாம் வேணாம். நீ போய்ட்டு வா."

"நோட்டு அலமாரில இருக்கு. அளவெல்லாம் அதுல இருக்கும். ஓவன் இடது பக்கம் கொஞ்சம் கூடச் சுடும்க்கா, பாதி நேரத்துல தட்டைத் திருப்பி வெச்சிடுங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் ஆடத் தெரிந்தும் கூடம் கோணல் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறாள். அந்த அக்கறைகூட மூத்தவளுக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மகளை மேலே வரக்கூடாது என்று மிரட்டிவிட்டு, முட்டை மாவு சாமான்களோடு படியேறினாள். ஓரகத்தியின் சமையலறையில் தனியாக நிற்பது அன்றுதான் முதல் தடவை. சுவரில் சாய்த்து ஒரு சின்ன முக்காலி இருந்தது. மேடைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் ஒருத்திக்காக வாங்கியது. கொக்கியில் ஒரு குட்டி ஏப்ரன் தொங்கியது. ஓரத்தில் ஒரு மிளகுக்கொடியைச் சின்னவள் பச்சை நூலால் தைத்திருந்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் மிளகு வரைந்த படம்: இரண்டு பேர் கை கோத்து நிற்கிறார்கள், இருவர் தலையிலும் சமையல்காரர் தொப்பி. மூத்தவள் படத்தில் மூன்றாவது ஆளைத் தேடினாள். மூலையில் ஒரு பூனை இருந்தது.

நோட்டைத் திறந்தாள். உள்ளே இருந்தது சின்னவளின் கையெழுத்து இல்லை. மகளுடையது. சித்தி சொல்லச் சொல்ல இவள் எழுதியிருக்கிறாள். வீட்டுப்பாடத்தில் கோழி கிளறிய மாதிரி எழுதுகிறவள் இங்கே ஒவ்வொரு எழுத்தையும் முத்து முத்தாக உட்கார வைத்திருந்தாள். தன் பெண் எழுதியதைப் பார்த்து, தன் பெண்ணுக்குக் கேக் செய்ய வேண்டிய நிலைமை. மூத்தவள் முட்டையை உடைத்த வேகத்தில் ஓட்டுத்துண்டு ஒன்று கிண்ணத்துக்குள் விழுந்தது.

ஆனால் வேலை தொடங்கிவிட்டால் அவள் கை சுத்தம். முட்டையும் சர்க்கரையும் அடிக்க அடிக்க மஞ்சள் வெளுத்து, நுரை பருத்து, பீட்டரைத் தூக்கினால் நாடா போல மடிந்து மடிந்து விழுந்தது. மாவைச் சலித்து, நுரை அமுங்காமல் கரண்டியால் புரட்டிப் புரட்டிக் கலந்தாள். தட்டில் பட்டர் பேப்பரை விரித்து ஊற்றி, மூலை வரை சமமாகப் பரப்பினாள். ஆறாவது நிமிடம் தட்டைத் திருப்பி வைத்தாள். பன்னிரண்டாவது நிமிடம் கதவைத் திறந்தபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. பொன்னிறத்தில், விரலால் தொட்டால் உள்ளே போய்த் திரும்பி எழும்பும் பஞ்சு.

'பார்த்தியாடி' என்று மனசுக்குள் யாரிடமோ சொல்லிக்கொண்டாள்.

பொடித்த சர்க்கரை தூவிய பருத்தித் துண்டின்மேல் கேக்கைக் கவிழ்த்து, பேப்பரை உரித்தாள். சூடாக இருக்கும்போதே துண்டோடு சேர்த்துச் சுருட்ட வேண்டும் என்று நோட்டில் இருந்தது. சுருட்டுவதா? மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் அவள் வேலையே அதுதான். துவைத்துக் காயவைத்த கட்டுத்துணிகளைச் சுருட்டி வைப்பது, ஒரு நாளைக்கு இருநூறு, பதினோரு வருஷமாக. பெரிய நர்ஸ் ஒரு சுருளை எடுத்து மேஜையில் எறிந்து பார்ப்பார். அவிழ்ந்தால் போச்சு, அந்தக் கூடை முழுவதையும் மறுபடி சுருட்ட வேண்டும். மூத்தவள் சுருட்டிய சுருள் ஒன்றுகூட இதுவரை அவிழ்ந்ததில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இழுப்பு, கட்டைவிரலால் ஒரு அழுத்தம். அது கைக்குப் பாடம்.

கேக்கையும் அப்படியே சுருட்டினாள். ஒரு சுற்று, ஒரு இழுப்பு, ஒரு அழுத்தம். முடித்ததும் கை தானாகப் பக்கத்தில் துழாவியது. எதைத் தேடுகிறோம் என்று பார்த்தால், கட்டுத்துணிக்குக் குத்தும் ஊக்கு.

ஆறியதும் பிரித்தாள். முதல் சுற்று நன்றாக இருந்தது. இரண்டாவதில் ஒரு விரிசல். மூன்றாவதில் கேக்கே துண்டு துண்டாகக் கழன்று வந்தது. பரவாயில்லை, க்ரீம் மூடிவிடும் என்று ஜாமையும் க்ரீமையும் தடவி, இந்தத் தடவை இன்னும் கெட்டியாகப் பிடித்தால் சேர்ந்துகொள்ளும் என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சுருட்டினாள். இரண்டு முனையிலும் பேஸ்ட் டியூபை மிதித்த மாதிரி க்ரீம் பீய்ச்சிக்கொண்டு வந்தது. மேஜையில் கிடந்ததைக் கேக் என்று சொல்ல அதைச் செய்தவளுக்கே வாய் வரவில்லை. விபத்தில் அடிபட்டு வந்த ஏதோ ஒன்று.

மணி மூன்று. வேறு முட்டை இருக்கிறதா என்று ஃப்ரிட்ஜைத் திறந்தாள். முட்டை இல்லை. கீழ்த்தட்டில், காய்கறிப் பைக்குப் பின்னால், மூடிய ஒரு நீளப் பெட்டி இருந்தது. மூடியைத் தூக்கினாள்.

உள்ளே சுருட்டின கேக். ஒரு விரிசல் இல்லை. முனையில் வளையங்கள் வரைந்து வைத்த மாதிரி சுற்றிச் சுற்றிப் போயின. மேலே சர்க்கரைப் பொடி மூடுபனி போலப் படிந்திருந்தது.

சின்னவள் முந்தின நாளே செய்து ஒளித்து வைத்திருக்கிறாள். எதற்கு? அக்காவுக்கு வராது, குழந்தை ஏமாந்துவிடக் கூடாது என்று. வாயில் அக்கா, மனசில் இது. மூத்தவளுக்குக் காது மடல் வரை எரிந்தது. அதைத் தூக்கித் தரையில் அடிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் வேறொன்று தோன்றியது. அதுதான் செய்வதற்குச் சுலபமாக இருந்தது. நல்ல கேக்கைத் தன் தட்டுக்கு மாற்றினாள். தன்னுடையதைப் பெட்டிக்குள் அள்ளிப்போட்டு மூடி, காய்கறிப் பைக்குப் பின்னால் தள்ளினாள். மேடையைத் துடைத்து, வீட்டைப் பூட்டி, இறங்கி வந்துவிட்டாள்.

நாலு மணிக்குத் திரும்பிய சின்னவள் மாடிக்குப் போய் உடை மாற்றிக்கொண்டு கீழே வந்தாள். மேஜைமேல் இருந்த கேக்கைப் பார்த்தாள். மூத்தவளைப் பார்த்தாள். மூத்தவள் பலூன் நூலில் இல்லாத சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப அழகா வந்திருக்குக்கா" என்றாள் சின்னவள். குரலில் குத்தல் துளிகூட இல்லை. இருந்திருந்தால் தேவலை.

மிளகின் தோழிகள் வந்தார்கள். கேக் வெட்டினார்கள். வட்ட வட்டமாகத் துண்டுகள் தட்டில் சாய்ந்தன. மிளகு ஒரு கடி கடித்தாள். கண் விரிந்தது.

"அம்மா! சூப்பர்மா! சித்தி பண்றதைவிட நல்லா இருக்கு!"

"ராக்கெட் போய்ச் சேர்ந்துடுச்சு" என்றான் கணவன், இரண்டாவது துண்டை எடுத்தபடி.

எட்டு மாதமாக மூத்தவள் ஏங்கியது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். வந்துவிட்டது. ஆனால் அது உள்ளே இறங்கவில்லை. மகள் கண் விரித்துப் பார்த்தது யாருடைய கைவேலையை? சூப்பர் என்றது யாரை? 'சித்தியைவிட' என்றபோதும் சித்தியைத்தான் சொல்கிறாள். தோற்றாலும் அவளுக்கு, ஜெயித்தாலும் அவளுக்கு. தட்டு மட்டும் நம்முடையது.

அப்போது சின்னவள் மிளகின் தலையைத் தடவி, "அம்மா கைப்பக்குவம் அப்படிடா செல்லம்" என்றாள்.

அதை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மூத்தவள் எழுந்தாள். பன்னிரண்டு படியும் ஏறினாள். பெட்டியோடு இறங்கி வந்து, மேஜையின் நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள்.

"இதுதான் நான் பண்ணது. நீங்க சாப்பிடறது உங்க சித்தி பண்ணது. ஃப்ரிட்ஜ்லேர்ந்து திருடிட்டு வந்தேன்."

இதை நேர்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தன் பெயரில் அவளுக்குப் பாராட்டு போவதைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"ஐயோ, திருட்டெல்லாம் இல்ல, நான்தான் அக்காவை எடுத்துக்கச் சொல்லி..." என்று சின்னவள் தொடங்கினாள்.

"நீ சும்மா இரு. எல்லாத்துலயும் நீயே நல்லவளா இருக்காதே. எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வை."

மிளகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள் மிளகு மெதுவாக, "இதுமேல லாரி ஏறிடுச்சா?"

தோழிகள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொத்திய கையையும் மீறிச் சிரிப்பு வந்தது.

"லாரி இல்லடா. உங்கம்மா கேக்குக்குக் கட்டுப் போட்டிருக்கா" என்றான் கணவன்.

"இறுக்கிச் சுருட்டிட்டேன்" என்றாள் மூத்தவள். "தளர்வா விட்டா அவிழ்ந்துடும்னு நினைச்சேன்."

மிளகு விரலை விட்டு ஒரு துண்டைத் தோண்டினாள். க்ரீமும் ஜாமும் முழங்கை வரை வழிந்தன. நக்கினாள். "ஏய், இதுல க்ரீம் எல்லாம் வெளியவே இருக்கு! கரண்டி எடுங்கடி!" என்று கத்தினாள்.

அவ்வளவுதான். வட்டத்துண்டைக் கடித்தால் உதிராமல் கடிக்க வேண்டும், நாகரிகமாகச் சாப்பிட வேண்டும். இதற்கு எந்தச் சட்டமும் இல்லை. மூன்று கரண்டிகள் பெட்டிக்குள் மோதிக்கொண்டன. ஒருத்தி மூக்கில் க்ரீம், இன்னொருத்தி புருவத்தில் ஜாம். மிளகு பின்னால் நகர்ந்து நகர்ந்து அம்மாவின் மடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பத்து வயதானவள் மடியில் உட்கார்ந்து எத்தனையோ மாதம் ஆகிறது. கனம் தொடையை அழுத்தியது. மூத்தவள் அசையவில்லை.

மேஜையின் அந்தப் பக்கத்தில் நல்ல கேக் பாதிக்குமேல் அப்படியே இருந்தது. சின்னவள் அந்தத் தட்டைக் குழந்தைகள் பக்கம் ஒரு விரற்கடை நகர்த்தினாள்.

"இதுலயும் இன்னும் இருக்கே, செல்லம்" என்றாள்.

யார் காதிலும் விழவில்லை. இன்னொரு விரற்கடை நகர்த்தினாள். யாரும் திரும்பவில்லை. அவள் உதட்டில் சிரிப்பு இருந்தது. கண் மட்டும் மடியில் இருந்த குழந்தையின் மீதே நின்று, மெல்ல இருண்டது.

அந்த முகம் மூத்தவளுக்குத் தெரியும். எட்டு மாதமாகத் தினமும் ஐந்து மணிக்கு, படிக்கட்டுக்குக் கீழே நின்று, அவள் போட்டுக்கொண்ட முகம் அது.

சித்தி செய்ததையும் எடுத்துக்கோ என்று ஒரு வார்த்தை மகளிடம் சொல்லியிருக்கலாம். நல்லவர்கள் சொல்லியிருப்பார்கள். வார்த்தை தொண்டை தாண்டி வாய் வரை வந்தும்விட்டது. மூத்தவள் பெட்டியிலிருந்து ஒரு பெரிய கரண்டி கேக்கை அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.