அசையாதீங்கப்பா

…இல்லை, அவன் அசையவில்லை, அசைந்தது நாற்காலி, அதற்கு ஒரு கால் எப்போதுமே கொஞ்சம் குட்டை, அடியில் மடித்துச் சொருகியிருந்த அட்டை எங்கே போய்த் தொலைந்ததோ, ஆனால் அதைச் சொல்ல வாயைத் திறந்தால் வாய் அசையும், வாய் அசைந்தால் மகள் ரப்பரை எடுப்பாள், ரப்பரை எடுத்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி மூக்கிலிருந்து ஆரம்பிக்கும். பேசாமல் இருந்தான். பேசாமல் இருப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை, அதில் அவனுக்கு நல்ல பழக்கம். சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் மகள் நாற்காலிமேல் முழங்கால் போட்டு நின்று, மேஜையை முக்கால்வாசி மூடிக் கிடந்த வெள்ளைத்தாளின்மேல் கவிழ்ந்திருந்தாள். நாலாம் வகுப்பு. வீட்டில் யாராவது ஒருவரை எதிரே உட்கார வைத்துப் பார்த்து வரைய வேண்டும், போட்டோவைப் பார்த்துப் போடக்கூடாது, படத்தைப் பார்த்தால் இப்போது வாயைத் திறந்து பேசிவிடும்போல இருக்க வேண்டும்… டிராயிங் மிஸ்ஸின் உத்தரவு. இத்தனூண்டு பிள்ளைகளிடம் கேட்கிற காரியமா இது, பேசுகிற படம் வேண்டுமாம், வீட்டில் இருக்கிறவர்களே பேச மறந்துபோன காலத்தில்… சரி, அதை விடு, நாளைக் காலையில் கொடுத்தாக வேண்டும், அதுதான் விஷயம்.

"கத்தாதீங்க, கெஞ்சாதீங்க, அது வாங்கித் தரேன் இது வாங்கித் தரேன்னு ஆசை காட்டாதீங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டே மனைவி சொல்லிவிட்டுப் போயிருந்தாள், மருந்துக்கடையில் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கவுண்டர் உண்டு, "நான் திரும்பி வர்றப்ப படம் பையில இருக்கணும். கோழி கிறுக்கின மாதிரி இருந்தாலும் பரவால்ல, பையில இருக்கணும்." அவன் தலையாட்டினான். கேட்டுச்சா என்றாள். கேட்டது என்றான். "உங்ககிட்ட சொல்றதுக்கு இந்தச் சுவத்துகிட்ட சொல்லலாம், அது தலையாட்டி ஏமாத்தாது." ரோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, சுவரில் ஓரிடத்தில் பெயிண்ட் உப்பியிருப்பதைத்தான் அப்போது பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பயந்ததற்கும் காரணம் இருந்தது. போன தடவை பூச்சாடி. இடப்பக்கம் கொஞ்சம் பெருத்துவிட்டது என்று வலப்பக்கத்தைப் பெருக்கினாள் மகள், இப்போது வலப்பக்கம் கூடிப்போயிற்று என்று இடப்பக்கத்தை, இப்படியே பூச்சாடி குடமாகி, குடம் அண்டாவாகி, அண்டா தாளை விட்டே வெளியே போய்விட்டது. கொடுக்கவில்லை. மறுநாள் வயிற்றுவலி, அதற்கு மறுநாளும் வயிற்றுவலி, டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை, மனசில்தான் என்னவோ என்றார், ஒரு வாரம் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை, அந்த வாரத்தில்தான் புருவ முடியைப் பிடுங்க ஆரம்பித்தாள். இடது புருவம் பாதி இல்லை. தலைக்குக் குளிப்பாட்டும்போது அதைக் கண்டுபிடித்த மனைவி குளியலறை ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதாள். அவன் வாசலில் துண்டோடு நின்றான். இது அழுகை வரவேண்டிய இடம் என்று தெரிந்தது, தெரிந்தது, அவ்வளவுதான், துண்டை மடித்தான், விரித்தான், மறுபடி மடித்தான். இந்தப் படமும் பையில் ஏறவில்லையென்றால் இன்னொரு வாரம், அடுத்த புருவம்.

"அப்பா, கண்ணச் சிமிட்டாதீங்க." கண்ணைச் சிமிட்டாமல் மனுஷன் எவ்வளவு நேரம்தான்… ஆனால் காது அழகாக வந்திருந்தது, எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகப் பார்த்தாலே தெரிந்தது, மடலின் உள்வளைவுகூட அப்படியே, மகள் அதைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள், ரப்பர் கைக்கு வந்துவிட்டது. இப்போது ஏதாவது சொல்ல வேண்டும், நல்ல அப்பாக்கள் சொல்வார்கள், என்ன சொல்வார்கள்… பரவால்லம்மா என்று சொல்லியாயிற்று, அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குத் தாடை இறுகுகிறது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பல். பல்செட்டு செய்கிற லேபில் வேலை, பல் டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள், அதன்மேல் மெழுகில் ஈறு கட்டி ஒவ்வொரு பல்லாக நடவேண்டும், ஆளை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை, வாயை மட்டும் தெரியும். "நான் பல்லு அடுக்குறப்ப வேணும்னே ஒரு பல்ல லேசாத் திருப்பி வைப்பேன், தெரியுமா" என்றான், உதட்டை அதிகம் அசைக்காமல். "எல்லாம் ஒரே வரிசையா ஒரே வெள்ளையா இருந்தா பொய்ப்பல்லுன்னு பாத்தவுடனே தெரிஞ்சிடும். கொஞ்சம் கோணலா இருந்தாத்தான் நெஜம்." நன்றாகத்தான் சொன்னோம் என்று தோன்றியது, மனைவி கேட்டிருந்தால் பரவாயில்லையே என்றிருப்பாள். மகள் யோசித்தாள். "எவ்வளவு திருப்பி வைப்பீங்க?" "லேசா." "லேசான்னா எவ்வளவு?" "அது கண்ணுக்கே தெரியும்." "கூடப் போயிட்டா?" "எடுத்துட்டு மறுபடி வைப்பேன்." "அப்ப கோணலக்கூட நீங்க கரெக்டாத்தானே வைக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுக் காதை அழித்தாள்.

இவளை வக்கீலுக்குப் படிக்க வைக்கலாம், எதிர்க்கட்சிக்காரன் பாவம்… இது சிரிப்பு வரவேண்டிய இடம். லேபில்கூட அப்படித்தான் ஆகிறது, மெழுகு காய்ச்சுகிறவர் ஏதாவது கிண்டலாகச் சொல்வார், எல்லோரும் சிரித்து முடிக்கிறபோது இவன் தொடங்குவான், என்னப்பா லைன்ல இருக்கியா என்பார் அவர், இருக்கேண்ணே, இருக்கேன். ஏதாவது நடந்திருந்தால் சொல்லிக்கொள்ளலாம். யாரும் சாகவில்லை, வேலை போகவில்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை, ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள், எல்லாம் சரியாக இருக்கிறதாம். சோற்றில் உப்பு கூடினால் தெரிகிறது, குறைந்தால் தெரிகிறது, யாராவது கூப்பிட்டால் திரும்புகிறான், ஆனால் எல்லாம் பக்கத்து வீட்டு டிவி மாதிரி சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, என்ன நிகழ்ச்சி என்று எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. இதைப் போய் யாரிடம் சொல்வது, சொன்னால்தான் என்ன, கொழுப்பு என்பார்கள், வேளாவேளைக்குச் சோறு கிடைக்கிற கொழுப்பு… தாள் கரகரவென்றது. ரப்பர் பட்ட இடம் மெலிந்து, மேஜையின் நிறம் தெரிய ஆரம்பித்திருந்தது. தரையில் முந்தைய தாள்கள் கசங்கிக் கிடந்தன, அவன் முகமாக இருந்தவை. அவள் அடுத்த வெள்ளைத்தாளை எடுத்து விரித்தாள், நாலு மூலையும் மேஜை விளிம்புக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்தாள், பெரிய மனுஷிபோல ஒரு பெருமூச்சு விட்டாள்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது, பல் அடுக்குகிறவனைத் தவிர வேறு எந்த அப்பனுக்கும் வராது, எழுந்துபோய் வேலைக்குக் கொண்டுபோகும் பையிலிருந்து காலிப்பரைக் கொண்டுவந்தான், இரண்டு கூரிய கால் உள்ள எஃகுக் கருவி, மூக்கடியிலிருந்து தாடை நுனிவரை எவ்வளவு, கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு என்று மயிரிழை பிசகாமல் சொல்லிவிடும். "கண்ணால பாத்துப் போடாத. அளந்து போடு" என்றான். மகளின் முகம் மலர்ந்தது, இத்தனை நாளில் முதல்முறையாக யாரோ அவள் பாஷையில் பேசிவிட்டார்கள். மேஜையைச் சுற்றி ஓடி வந்தாள், அவன் முழங்காலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அளக்கத் தொடங்கினாள், நெற்றி, புருவம், கண்ணின் உள்மூலை, வெளிமூலை, எஃகு நுனி சில்லென்று இமைக்குப் பக்கத்தில் நின்றது, குத்திடாதம்மா, குத்த மாட்டேம்பா, அவள் மூச்சில் பென்சில் மரத்தின் வாசனை, ஓரத்தைக் கடித்திருக்கிறாள், நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு அளவை முணுமுணுத்தபடியே ஓடிப்போய்த் தாளில் புள்ளி வைத்தாள், மறுபடி ஓடி வந்தாள். இவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தை அவன் பார்த்து நாளாயிற்று. பாதி இல்லாத புருவத்தில் ஒரு புது முடி, ஊசிமுனை மாதிரி. அதைத் தொடலாமா என்று கை கொஞ்சம் எழுந்தது, "அசையாதீங்கப்பா" என்றாள், கை இறங்கிவிட்டது. சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் அது பொய், துக்கமாகவும் இல்லை, சரி, வேலை நடக்கிறது, படம் பையில் ஏறிவிடும் என்று மட்டும் நினைத்தான்.

ஏறியும் இருக்கும். வெகுநேரம் ரப்பர் சத்தமே கேட்கவில்லை, பென்சில் மட்டும் சீராகப் போய்க்கொண்டிருந்தது, ஜன்னல் வெயில் மேஜையை விட்டு இறங்கித் தரைக்குப் போய்விட்டது, தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு பென்சிலும் நின்றது. முடிஞ்சுதா என்று கேட்டான். "முடிஞ்சுது." "காட்டு." அவள் காட்டவில்லை. தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், கை தானாக மேலே போயிற்று, வலது புருவத்துக்கு, இரண்டு விரல் ஒரு முடியைப் பிடித்துக்கொண்டது. "நல்லால்ல." "ஏன், அளந்துதானே போட்ட?" "அளவெல்லாம் கரெக்ட். ஆனா வீட்ல ஆள் இல்லாத மாதிரி இருக்கு." அவனுக்குப் புரியவில்லை, புரியாததுபோல இருந்தான், இரண்டில் எதுவோ. "பேசற மாதிரி இருக்கணும்னு மிஸ் சொன்னாங்க, இது பேசவே பேசாது." சரி, சிரிக்கட்டுமா என்றான், லேபிலும் அப்படித்தான், சிக்கலான கேஸ் என்றால் ஆள் சிரித்துக்கொண்டிருக்கிற பழைய படம் ஒன்றைக் கேட்டு வாங்குவார்கள். சிரித்தான். கன்னத்தை எவ்வளவு தூக்க வேண்டும், எத்தனை பல் தெரிய வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தொழில், குறை வைக்கவில்லை. மகள் பார்த்தாள். "பல்லு தெரியுது" என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

தாளை அவன் பக்கம் திருப்பித் தள்ளினாள். "எங்க தப்புன்னு சொல்லுங்கப்பா. நீங்கதான் பாத்தவுடனே கண்டுபிடிப்பீங்கல்ல." கண்டுபிடிப்பான், உண்மைதான், அச்சின்மேல் பல்செட்டை வைத்ததும் எந்தப் பல் தூக்குகிறது, எது இடிக்கிறது என்று கண் போய் அங்கேயே நிற்கும். கண்ணை ஓடவிட்டான். நெற்றி, சரி. காது, சரி. மூக்கு, இவ்வளவு அகலமா, ஆமாம், இவ்வளவுதான். தாடை, உதடு, உதட்டோரத்து மடிப்பு, எல்லாம் பொருந்தியது. கண்ணுக்கு வந்தான். இமை முடிகளெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டிருந்தாள், கண்பாப்பா சரியான இடத்தில் இருந்தது, அது எதையும் பார்க்கவில்லை. தினம் காலையில் ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில் பார்க்கிற ஆள்தான். தப்பைத் தேடித் தேடி அவன் கண் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நின்றது, அங்கே தப்பு இல்லை… அப்படியானால் கீழே கசங்கிக் கிடக்கிற தாள்களில், ஒவ்வொன்றிலும், இந்த ஆள்தான் வந்திருக்கிறான், பிள்ளை ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் போட்டிருக்கிறாள், தன் கைதான் வரவில்லை என்று கசக்கிக் கசக்கிப் போட்டிருக்கிறாள். அடப்பாவமே. அந்த விரல் இன்னும் புருவத்தை விடவில்லை.

ஒரு வழி இருந்தது, சுலபமான வழி. பல்லைப் படமாகப் போடும்போது மினுமினுப்பு வருவதற்கு ஓரிடத்தில் வெள்ளை விடுவார்கள், அதுபோல ரப்பர் முனையால் கண்பாப்பாவில் ஒரு பொட்டு எடுத்துவிட்டால் கண் பிழைத்துக்கொள்ளும், டிராயிங் மிஸ் சபாஷ் என்பாள், மனைவி வருவதற்குள் பையில் ஏறிவிடும். ரப்பரை எடுத்தும்விட்டான். மகள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கே வைக்கப்போகிறான் என்று, வைத்த இடம்தான் தப்பு என்று ஆகிவிடும், அதன்பிறகு அதை அவள் மறக்கமாட்டாள், பார்த்ததைப் பார்த்தபடி போட்டது தப்பு என்று. ரப்பரைக் கீழே வைத்தான்.

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. நீ சரியாத்தான் போட்டிருக்க." நம்பவில்லை, சும்மா சொல்றீங்க என்றாள். "சும்மா சொல்லல. அப்பா இப்படித்தான் இருக்கேன்." சொன்னபிறகுதான் அது தன் குரலில் வெளியே வந்துவிட்டது தெரிந்தது. மகள் படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி படத்தை, அளவு எடுத்தபோது பார்த்த மாதிரியே, எதையும் விட்டுவிடாமல். புருவத்திலிருந்த கை இறங்கி மேஜைக்கு வந்தது.

"எப்பலேருந்துப்பா?"

அழவில்லை, பதறவில்லை, தேதி கேட்கிற மாதிரிதான் கேட்டாள். இதை யாரும் அவனிடம் கேட்டதில்லை, மனைவி கேட்டதில்லை, ரத்தம் எடுத்தவர்கள் கேட்டதில்லை, அவனே கேட்டுக்கொண்டதில்லை, ஏதோ ஒரு நாள் இருந்திருக்க வேண்டும், அதற்கு முந்தைய நாள்வரை வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும், இவள் பேசப் பழகினபோது இருந்தானா, இவளைக் கட்டிப்பிடித்துச் சிரித்த மாதிரி ஏதோ ஒரு நினைப்பு இருக்கிறதே, அதில் இருப்பது அவனா… தேடினான், கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. மகள் அவசரப்படுத்தவில்லை, முழங்காலை மடக்கி நன்றாக உட்கார்ந்துகொண்டு அவன் முகத்தையே பார்த்துக் காத்திருந்தாள், சரியான பதில் வராமல் இவள் விடப்போவதில்லை என்று தெரிந்தது. அவனுக்குப் பயமாக இருந்தது.