ஏலக்காரியின் கீழ்ப்பல் செட்டு

“மூணுதரம்னு யாரு சொன்னது? நான் இன்னும் ரெண்டுலதானே நிக்கறேன்!” என்றாள் ஏலக்காரி.

“தட்டின சத்தம் கேட்டுச்சேக்கா,” என்றான் காய்கறி வியாபாரி. ஆள் பெருத்த உடம்புக்காரன் என்பதால் மண்டியில் அவனுக்கு ஊசி என்று பெயர். தக்காளிப் பெட்டிகளை அவன் ஏற்கெனவே தன் பக்கம் இழுக்கத் தொடங்கியிருந்தான்.

“கட்டையை நான் தொடவே இல்லடா.”

“அப்போ தட்டினது யாரு?”

தட்டியது அவளுடைய பல் செட்டு. ‘ரெண்டுதரம்’ என்று சொல்லி வாய் மூடும்போதெல்லாம் கீழ்செட்டு எழும்பிப் போய் மேல்செட்டில் மோதிக்கொண்டது. தகரக் கூரைக்குக் கீழே அது மேசையில் மரக்கட்டையைத் தட்டுவதைப் போலவே கேட்டது. ஏற வேண்டிய விலை பாதியில் நின்றுபோக, சரக்கு கொண்டுவந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

மண்டி முதலாளி அவளைத் தனியே கூப்பிட்டார்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. சீசன் ஆரம்பிக்கறப்ப என் மச்சினன் மேடை ஏறட்டும். மைக்கெல்லாம் வாங்கி வச்சிருக்கான். நீங்க உள்ள உக்காந்து பில் பாருங்க.”

“பல்லுக்குத்தான் கோளாறு. தொண்டைக்கு இல்ல.”

“ரெண்டும் ஒரே வாயிலதானேக்கா இருக்கு?”

“சீசனுக்குள்ள சரி பண்ணிட்டு வர்றேன். அதுவரைக்கும் மேடையை யாருக்கும் குடுத்துடாதீங்க.”

வீட்டில் புருஷன்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

“பசையை இன்னும் கொஞ்சம் அப்பிக்கயேன்.”

“அப்பி அப்பி ஒருநாள் நாக்கே ஒட்டிக்கிச்சு.”

“எனக்கு ஞாபகம் இருக்கு. நிம்மதியா இருந்துச்சு.”

“எழுந்து சட்டையைப் போடுங்க. டாக்டர்கிட்ட போறோம்.”

பல் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டினாள்.

“பல்லெல்லாம் போனப்புறம் தாடை எலும்பு தேஞ்சுகிட்டே வரும்மா. மேல அண்ணம் அகலம், செட்டு கவ்விக்கும். கீழ கவ்வ இடமில்ல. போதாததுக்கு நாக்கு வேற தள்ளும்.”

“என் நாக்கு சும்மா கிடக்காது. அதை விடுங்க. என்ன வழி இருக்கு, சொல்லுங்க.”

“கீழ் எலும்புல முன்பக்கமா ரெண்டு இம்ப்ளாண்ட் வைக்கலாம். சின்ன உலோகத் திருகுதான். அதுமேல செட்டை அழுத்தினா மாட்டிக்கும், வேணும்னா நீங்களே கழட்டிக்கலாம். இல்லன்னா நாலோ, அதுக்கு மேலயோ வச்சு, பல்வரிசையை நிரந்தரமா முடுக்கிடலாம். அதைக் கழட்ட என்கிட்டதான் வரணும்.”

“நாலே வச்சிடுங்க,” என்றார் புருஷன்காரர். “நாலு சக்கரம் இருந்தாத்தான் வண்டி நேரா நிக்கும்.”

“உறுதி அதுலதான் ஜாஸ்தி சார். ஆனா அதுக்கடியில தினமும் சின்ன பிரஷ் விட்டுத் தேய்க்கணும்.”

ஏலக்காரி தன் விரல்களை நீட்டிக் காட்டினாள். முட்டிகளெல்லாம் வீங்கியிருந்தன. “இந்த விரல் நூல் கோக்கறதையே விட்டாச்சு. கழுவ முடியாத பாத்திரத்தை நான் வாங்கமாட்டேன். ரெண்டே வைங்க. சத்தம் போடுமா?”

“பிடிச்சுக்கிட்டா எழும்பாது. எழும்பாததுக்கு மோதற வேலை இல்ல. உள்ள இருக்கற வளையம் மட்டும் தேயும், அப்பப்ப மாத்திக்கணும்.”

“அப்போ நாளைக்கே வைங்க.”

“சர்க்கரை ஏறிக்கிடக்கே. முதல்ல அது இறங்கணும். திருகு வச்சப்புறமும் எலும்பு அதைப் பிடிக்க மாசக்கணக்கா ஆகும். தொடக்கத்துல கொஞ்ச நாள் கீழ்செட்டைப் போடவே கூடாது.”

திரும்பி வரும்போது புருஷன்காரர் மெதுவாக ஆரம்பித்தார். “பேசாம பில்லே பாரேன். உக்காந்த இடத்துல வேலை.”

“பஸ்ஸை விட்டுட்டு நீங்க ஜன்னல்ல உக்காந்து, ரோட்ல போற வண்டிக்கெல்லாம் காலால பிரேக் போடறீங்க. நானும் அப்படி உக்காரணுமா?”

எதிரே வந்த லாரியைப் பார்த்து அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

இனிப்பு நின்றது, தினமும் நடை. மேடையில் ‘ரெண்டுதரம்’ வரும்போதெல்லாம் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு ஒப்பேற்றினாள். சாயங்காலங்களில் கீழ்செட்டைக் கழற்றிவைத்துவிட்டு, வெறும் ஈறோடு சமையலறையிலிருந்து விலை கூவிப் பழகினாள். வாசலிலிருந்து அவர் பதில் சொல்வார்.

“புரியல!”

“இப்போ?”

“எங்க அவசரப்படறியோ அங்க வழுக்குது. வளைவுல வர்ற மாதிரி மெதுவா வா!”

சர்க்கரை இறங்கியது. சீசனுக்குச் சில நாள் முன்னால் டாக்டரம்மா இரண்டு திருகுகளையும் வைத்துத் தையல் போட்டாள்.

சீசனின் முதல் காலை. மச்சினன் மைக்கைத் துடைத்துக்கொண்டு நின்றான். ஏலக்காரி அவனைத் தாண்டிப் போய் மேடை ஏறினாள்.

“என்னக்கா, கீழ்வீடு காலியா?” என்றான் ஊசி. கூட்டம் சிரித்தது.

“காலி பண்ணி அஸ்திவாரம் போட்டிருக்கேன். நீ விலையைக் கேளு.” வார்த்தைகள் சற்றுக் குழைந்தாலும் நிதானமாக வந்தன.

தக்காளி ஏலம் தொடங்கியது. ஊசி ஒரு விலை சொன்னான். அவள் அதைக் கூவினாள்.

“புரியலையே!” என்று காதைக் குவித்தான் அவன்.

அவள் வீங்கிய விரல்களைப் பிரித்து, விலையைத் தலைக்கு மேல் காட்டினாள். “இதுவும் புரியலன்னா கண்ணாடி போட்டுக்கோ. ஒருதரம்... ரெண்டுதரம்...”

ஊசி பெட்டியின்மேல் கைவைத்துச் சத்தத்துக்காகக் காத்திருந்தான். சத்தம் வரவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு ஓட்டல்காரர் அதற்கு மேல் கேட்டார். இன்னொருவர் அவருக்கு மேல் போனார். சரக்கு கொண்டுவந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மூன்று முறை விலை ஏறி, கடைசியில் ஓட்டல்காரரிடமே நின்ற பிறகு ஏலக்காரி கட்டையை எடுத்து ஓங்கித் தட்டினாள்.

“மூணுதரம்!”

மச்சினன் முதலாளியைப் பார்த்தான். “மாமா, நான் எப்போ ஏறட்டும்?”

“எங்க ஏறப் போற? உள்ள போய் பில்லைப் போடு. மைக்கை அக்காகிட்ட குடுத்துட்டுப் போ. தையல் போட்ட வாய், கத்தவேணாம்.”

அவள் மைக்கை வாங்கி, ஒருமுறை ஊதிப் பார்த்தாள். கூரை அதிர்ந்தது.

“அடுத்தது வெள்ளரிக்கா. யாரு ஆரம்பிக்கறீங்க?”