கையெழுத்துக்கு ஒரு மருமகள்

"சிவில்ங்கிற வார்த்தை இன்னொரு தடவை இந்த வீட்டுல என் காதுல விழுந்துச்சுன்னா, படிப்பே வேண்டாம்னு சொல்லிடுவேன்."

மருந்துக்கடைக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். பாதிச் சாப்பாடு அப்படியே கிடந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மகள் தலையைத் தூக்கவில்லை. அம்மா தண்ணீர்ச் சொம்போடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நிம்மதியாக ஒருவேளைச் சாப்பாடு நடக்கவில்லை. மகள் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். பொறியியல் படிக்கலாம், அதில் தகராறு இல்லை. எந்தப் பொறியியல் என்பதில்தான் எல்லாம். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர். மகளுக்குச் சிவில்.

"கம்ப்யூட்டர் படிச்சா ஏசி ரூம்ல உக்காந்து வேலை. சிவில் படிச்சா? நாள் முழுக்க வெயில்ல நின்னு கொத்தனார்கிட்ட கத்தணும். கறுத்துப்போய் வந்து நின்னா எவன் கட்டுவான் உன்னை?"

"கட்டுறவனுக்காகவாப்பா படிக்கிறேன்?"

"வேற யாருக்காக?" என்றார் அப்பா. அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

மகளுக்குப் பாலங்கள் மேல் பைத்தியம். பள்ளிக்குப் போகும் வழியில் ஆற்றின் குறுக்கே புதுப்பாலம் எழும்பியபோது, இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்பே பஸ்ஸிலிருந்து இறங்கி, கரையில் நின்று பார்ப்பாள். தூண் மேல் விட்டத்தை கிரேன் இறக்கி வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். இத்தனை கனம் நடுவில் தொய்யாமல் எப்படி நிற்கிறது என்ற கேள்வி அவளை விடவே இல்லை. அதற்கு விடை சொல்லும் படிப்பு ஒன்று இருக்கிறது என்று தெரிந்த நாளில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தவர் கான்ட்ராக்டர். அப்பாவின் சிநேகிதர், மருந்துக்கடை இருந்த கட்டடத்துக்குச் சொந்தக்காரரும் அவர்தான். ஊரில் பாதி அடுக்குமாடிகள் அவர் கட்டியவை. மகள் அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும்தான் கூப்பிடுவாள்.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்கே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எந்தக் காலத்துலப்பா இருக்கே? பொம்பளைப் பிள்ளைன்னா சிவில் படிக்கக் கூடாதா? பாப்பா, நீ சிவிலே படி. ஃபீஸைப் பத்திக் கவலைப்படாதே, மாமா இருக்கேன்."

மகளுக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது. மாமா அதோடு நிறுத்தவில்லை. அப்பாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"மறைச்சு என்ன ஆகப்போகுது? என் பையனுக்குப் படிப்பு ஏறல. தொழில் தெரியும், பட்டம் இல்ல. வீட்டுக்கு வர்றவளாவது எஞ்சினியரா இருக்கட்டுமேன்னு எங்களுக்கு ஆசை. பாப்பா படிச்சு முடிக்கட்டும், நாம சம்பந்தி ஆயிடுவோம். எனக்கு ஒண்ணும் வேண்டாம். பொண்ணை மட்டும் குடு."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வரதட்சிணை கேட்காத சம்பந்தம், அதுவும் கான்ட்ராக்டர் வீட்டில்! நேற்றுவரை தீட்டுப்பட்ட சொல்லாக இருந்த சிவில், அன்று மாலைக்குள் அந்தத் தெருவிலேயே பெருமையான சொல்லாகிவிட்டது. "பொண்ணுங்க எதுலதான் குறைஞ்சவங்க?" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

மகளுக்குக் கல்யாணப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனால் படிப்பு முடியச் சில வருடங்கள் இருக்கின்றன, அதற்குள் என்னென்னவோ மாறும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். பாலம் கண்ணை மறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை கூப்பிட்டாள் என்று அம்மாவும் மகளும் கான்ட்ராக்டர் வீட்டுக்குப் போனார்கள். அத்தை சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவும் மகளும் அங்கே அவளோடு நின்றார்கள். கூடத்தில் மாமாவும் அவர் மகனும் இருந்தார்கள். அழைப்பு மணி அடித்தது.

வந்தவள் எஞ்சினியரின் மனைவி. மாமாவிடம் வெகுகாலம் வேலை பார்த்த எஞ்சினியர் அவர். போன மழைக்காலத்தில் மாமா கட்டிய அடுக்குமாடி ஒன்றில் படிக்கட்டு இடிந்து விழுந்து, பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு சிறுமியும் அவள் தாயும் செத்துப்போனார்கள். எஞ்சினியரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. காசைத் தின்றுவிட்டு மட்டமான கட்டடத்துக்குக் கையெழுத்துப் போட்டவன் என்று ஊரே அவரைத் திட்டியது. மகளும் திட்டியிருக்கிறாள்.

"அவர் வேண்டாம் வேண்டாம்னு சொன்னாரு, உங்களுக்கே தெரியும்," என்றாள் வந்தவள். குரல் உடைந்திருந்தது. "கம்பி பத்தாது, படிக்கட்டை இடிச்சுட்டு மறுபடி கட்டுங்கன்னு உங்க வாசல்ல வந்து நின்னாரே. ஒரு வக்கீலாவது வச்சுக் குடுங்க."

"நான் படிக்காதவம்மா," என்றார் மாமா தணிந்த குரலில். "அவர் சரின்னு கையெழுத்துப் போட்டாரு, நான் கட்டினேன். அவர் போடலேன்னா நான் கட்டியிருப்பேனா?"

அவள் திரும்பிப் போகும்போது சமையலறை வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள். நின்றாள்.

"சிவில் படிக்கப்போற பொண்ணு நீதானா?"

மகள் தலையாட்டினாள். அந்த அம்மாள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். மாமா கதவைத் திறந்துவிட்டு நின்றார். அவள் சொல்லாமலே போய்விட்டாள்.

கதவு சாத்தியதும் மகனுடைய குரல் கேட்டது. "தினமும் வந்து உயிரை எடுக்குது."

"வெளியாளை வச்சா இப்படித்தான்," என்றார் மாமா. "நாளைக்குக் கோர்ட்டுலயும் நம்மளைக் காட்டிக்குடுப்பான். அதுக்குத்தானே வீட்டோட ஒரு கையெழுத்தை ஏற்பாடு பண்றேன். வீட்டுக்காரின்னா போடுன்னா போடுவா. ஏதாவது ஆச்சுன்னாலும் புருஷனைக் காட்டிக்குடுப்பாளா?"

இருவரும் சிரித்தார்கள். அத்தை டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் அது விழுந்தது. வடிகட்டியில் இருந்து கண்ணை எடுக்காமல், "சக்கரை எத்தனை ஸ்பூன் போடட்டும் பாப்பா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"பெரிய மனுஷங்க வீட்டுக்குள்ள ஆயிரம் பேசுவாங்க. அதையெல்லாம் காதுல வாங்கக் கூடாது."

"அப்பா, ரெண்டு பேர் செத்திருக்காங்க."

"கையெழுத்துதானேம்மா கேக்குறாங்க? உன் கழுத்தையா கேட்டாங்க? நீ ஆசைப்பட்ட படிப்பு உனக்குக் கிடைக்குது. வேற என்ன வேணும்? கடையை நாளைக்கே காலி பண்ணுன்னா உன் அப்பன் எங்கே போவான்?"

அம்மா துணி மடித்துக்கொண்டிருக்கும்போது மகளிடம் மட்டும் மெல்லச் சொன்னாள்.

"எங்க அப்பா போனதும் என் அண்ணனுங்க வந்து ஒரு பேப்பரை நீட்டினாங்க. ஈரக் கையைத் துடைச்சுட்டுக் கையெழுத்துப் போட்டேன். வீடு போச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. படிக்கத் தெரியாதவ இல்ல நான். படிச்சுப் பார்த்தா தப்பா நினைப்பாங்களோன்னு பயம்."

கல்லூரி விருப்பத்தைப் பதிய வேண்டிய கடைசி நாள் வந்தது. கடையின் பின்னறையில், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே கம்ப்யூட்டர் இருந்தது. மகள் அதன் முன் உட்கார்ந்தாள். ஒருபக்கம் அப்பா, மறுபக்கம் மாமா. மாமா எல்லோருக்கும் குளிர்பானம் வாங்கி வந்திருந்தார்.

திரையில் எல்லாப் பிரிவுகளும் வரிசையாக நின்றன. சிவிலை முதலில் வைத்தால் கிடைத்துவிடும். கூடவே அந்தக் கல்யாணமும் கையெழுத்தும் வந்து சேரும். வேறு ஊருக்குப் போய்ச் சிவில் படிக்கலாம் என்று அப்பாவிடம் கெஞ்சிப் பார்த்தாயிற்று. பணம் கட்டுகிறவர் சொல்கிற கல்லூரிதான் என்று முடித்துவிட்டார். கையில் சிவில் பட்டம் இருக்கிறவரை தன்னை அவர்கள் விடப்போவதில்லை என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பட்டம் இல்லாதவள் அவர்களுக்குத் தேவையும் இல்லை.

கிரேனில் தொங்கிய விட்டம் அவள் கண்ணில் ஒருமுறை வந்து போனது.

அவள் கம்ப்யூட்டரை முதலில் வைத்தாள். சிவிலைப் பட்டியலிலிருந்தே எடுத்தாள். இருவரும் குனிந்து பார்ப்பதற்குள் உறுதி செய்யும் பொத்தானை அழுத்திவிட்டாள்.

"என்னடி பண்ணிட்டே!" என்று அப்பா அலறினார்.

"நீங்க முதல்ல கேட்டதைத்தான்ப்பா," என்றாள். "ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்குறேன்."

அப்பா கையை ஓங்கினார். மாமா அதைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"விடுப்பா. சின்னப் பொண்ணு," என்றார். குளிர்பானத்தை நிதானமாகக் குடித்து முடித்தார். "சிவில் படிச்ச பொண்ணுங்களுக்கா பஞ்சம்?"

பஞ்சமில்லைதான். மகள் கம்ப்யூட்டர் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது மாமாவின் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் சிவில் எஞ்சினியர், அப்போதுதான் படிப்பை முடித்தவள். கான்ட்ராக்டர் வரதட்சிணையே வாங்கவில்லை என்று மண்டபம் முழுக்கப் பேச்சு. படித்த மருமகளை வேலைக்கு அனுப்பும் தங்கமான மனுஷன் என்றார்கள். உனக்கு வந்திருக்க வேண்டிய வாழ்வு இது என்று அப்பா ஒரே ஒரு பார்வையில் மகளிடம் சொன்னார்.

படமெடுக்க மேடைக்குப் போனபோது மகள் மணப்பெண்ணின் பக்கத்தில் நின்றாள். களையான முகம். கண்ணில் சந்தோஷம் வழிந்தது.

"நீங்களும் எஞ்சினியரிங்கா?" என்று மணப்பெண்ணே பேச்சை ஆரம்பித்தாள். "எங்க வீட்டுல சிவில் வேண்டாம்னு ஒரே ரகளை. சண்டை போட்டுப் படிச்சேன். நல்லவேளை, எனக்கு இப்படி ஒரு மாமனார்."

மகள் அவள் காதருகே குனிந்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கட்டடத்தை நேர்ல பாக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க."

மணப்பெண் சிரித்தாள். "நேத்தே போட்டாச்சே! லைசென்ஸ்கூட மாமாதான் அலைஞ்சு வாங்கிக் குடுத்தார். கல்யாணத்துக்கு முன்னாடி நல்ல நேரத்துல முதல் கையெழுத்துன்னு சொன்னார்."

"எந்தக் கட்டடத்துக்கு?"

"அது..." மணப்பெண் யோசித்தாள். "ஆஸ்பத்திரின்னு நினைக்கிறேன். இன்னும் போய்ப் பாக்கல. ஏன் கேக்குறீங்க?"

படம் எடுப்பவர் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். மேடைக்குக் கீழே மாமா நின்றுகொண்டிருந்தார். அவர் கண் இவர்கள் இருவர் மேலும் இருந்தது.

"பாப்பா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க பாரு. இறங்கி வாம்மா."

மகள் மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு முன்னாடி அந்த வேலையைப் பார்த்தவர் இப்ப எங்கே இருக்கார்னு தெரியுமா?" என்று கேட்டாள். இந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை.

"பாப்பா!"

அவள் இறங்கவில்லை.