தோட்டக்காரன் கொல்லவில்லை

1

ஒரு வரியை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். கலை, தாகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஷூ தொழிற்சாலை வாசலில் முப்பத்தொரு வருடம், வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்த்தவன். நீங்கள் வந்திருந்தால் உங்கள் பையையும் திறக்கச் சொல்லியிருப்பேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

மழை கொட்டிய அந்த மாலையில், மாளிகையின் நூலக அறையில், சீமான் ஒருவர் பிணமாக

விட்டுவிட்டேன். மாளிகைக்குள் நான் போனதில்லை. எனக்குத் தெரிந்தது இரண்டு அறை வீடு, சன்னலோரம் ஒரு நாற்காலி, அதில் என் மனைவி. சர்க்கரை நோயில் அவளுக்கு இரண்டு கண்ணும் போய் மூன்று வருடம் ஆகிறது. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவள். துப்பறியும் நாவல் கையில் இருந்தால் சாப்பாட்டையே மறந்துவிடுவாள். இப்போது நான் படிக்கிறேன், அவள் கேட்கிறாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஒரு புத்தகத்துக்குப் பத்து நாள்.

2

துப்பறியும் நாவல்கள் மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதில் கெட்டவன் ஒருத்தன்தான். கடைசியில் எல்லாரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து, துப்பறிகிறவர் விரலை நீட்டுவார். நீட்டியதும் மற்ற ஏழு பேரும் நல்லவர்கள் ஆகிவிடுவார்கள். அதுவரை அவர்கள் அவிழ்த்துவிட்ட பொய்யெல்லாம் எங்கே போயிற்று? அந்த ஒருத்தனுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள். உயில், பழி, பழைய காதல். காரணம் தெரிந்ததும் நாம் நிம்மதியாகப் புத்தகத்தை மூடுகிறோம். நமக்குத்தான் உயில் கிடையாதே.

வாசலில் நான் பார்த்தது வேறு. ஒருத்தன் இடது கால் ஷூவாகவே எடுத்துப் போனான். நாலு மாதம். வலது கால் தைப்பது வேறு கட்டடம். பிடித்தபோது கேட்டேன்.

"ஏம்பா, ஒத்தைக் காலை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?"

"ஒண்ணும் பண்ணலைண்ணே. எடுக்க முடிஞ்சுது, எடுத்தேன்."

அன்றைக்கு அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.*

(* என்ன திட்டினேன் என்பது கதைக்கு வேண்டாம். அவனுடைய அம்மாவும் அதில் வந்தாள்.)

3

இனி குற்றம்.

என் மனைவி ஆறாவது அத்தியாயத்துக்குள் கொலைகாரனைச் சொல்லிவிடுவாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

"டாக்டர்தாங்க."

"அதுக்குள்ள எப்படிச் சொல்றே? இன்னும் நூறு பக்கம் கிடக்கு."

"விஷம்னு யாரும் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, டம்ளரைத் தொடாதீங்கன்னாரே. நீங்கதானே படிச்சீங்க? சரி விடுங்க, நீங்க எழுத்தைப் பாருங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். முப்பத்தொரு வருடம் திருடனைப் பிடித்த எனக்கு அது சுருக்கென்று

(இந்த வாக்கியத்தை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் நிறுத்திவிட்டேன். முடித்தால் அது காரணம் ஆகிவிடும். எனக்கு நானே உயில் எழுதிக்கொண்ட மாதிரி.)

கடைசி அத்தியாயம் வந்தது. டாக்டர் என்று அச்சடித்திருந்த இடத்திலெல்லாம் தோட்டக்காரன் என்று படித்தேன்.

"தோட்டக்காரனா? அவன் அன்னிக்கு ஊர்லயே இல்லையேங்க!"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"நல்லாப் பாருங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்கறியா?"

தோட்டக்காரனைத் தூக்கில் போட்டேன்.

அடுத்த புத்தகத்தில் தங்கை செய்ததை அண்ணன் தலையில் கட்டினேன். அதற்கடுத்ததில் வக்கீல் செய்ததைச் சமையல்காரி தலையில். மொத்தம் பதினொரு புத்தகம். யாருமே கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஒருத்திக்குக் கண் தெரியாது.

4

ஏழாவது புத்தகத்தோடு அவள் ஊகம் சொல்வதை நிறுத்தினாள். ஒன்பதாவதுக்குப் பிறகு, "குழாயை மூடினேனாங்க?" என்று என்னைக் கேட்க ஆரம்பித்தாள். மூடித்தான் இருப்பாள். போன மாதம் மகளிடம் போனில் சொன்னதை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டேன்.

"கண்ணு போனப்பகூட நான் அழலைடி. இப்பப் புத்தியும் போகுது. காதுல விழறது ஒண்ணு, மனசுல நிக்கறது ஒண்ணு."

மகள் வெளியூரில் நர்ஸ். என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மாவை நான் கூட்டிட்டு வந்துடறேன். இங்க மறதி வந்தவங்களைப் பார்த்துக்கற இல்லம் ஒண்ணு இருக்கு. உங்களால ஆகாது."

"அவளுக்கு ஒண்ணும் இல்ல."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். "எனக்கு நீ அப்பனா, உனக்கு நான் அப்பனா?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மகள் வருகிறாள். இன்று புதன். பெட்டியை என் மனைவியே தடவித் தடவி அடுக்கி முடித்துவிட்டாள். புத்தகம் ஒன்றையும் வைக்கவில்லை.

5

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் நான் காலில் விழுகிறேன், அவள் மன்னிக்கிறாள். கிழித்துவிட்டேன். அவள் மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொள்வது பன்னிரண்டாவது புரட்டு.

இன்னொன்றில் அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். தொலைபேசியில் ஆயிரம் பொய்க் குரல் கேட்டவளாயிற்றே, என் குரல் தெரியாதா? தெரிந்தே விளையாடவிட்டாள் என்று முடித்திருந்தேன். படிக்கிறவர்கள் 'அடடா' என்பார்கள். எனக்கும் பிடித்திருந்தது. பிடித்ததால் சந்தேகம் வந்தது. தெரிந்தவள் பெட்டி அடுக்கமாட்டாள்.

மூன்றாவது: வெள்ளிக்கிழமை அவள் படி இறங்குகிறாள், நான் வாசலில் நின்று

அதை எழுதத் தேவையில்லை. நான் சும்மா இருந்தாலே நடந்துவிடும்.

6

இந்தக் கதையை அவளுக்கு நான் படிக்கப் போவதில்லை. படித்தால், 'நான்' என்று இருக்கிற இடத்தில் என் வாய் வேறு யாரையாவது சொல்லிவிடும். என்னை எனக்குத் தெரியும். மகள் உள்ளே வந்ததும் இந்தத் தாள்களை நீட்டுவேன்.

மகளோ, வேறு யாரோ, படிப்பது யாராக இருந்தாலும் சரி: சன்னலோரம் இருக்கிறவளுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படியுங்கள். இரண்டாவது பகுதி முடிந்ததும் நிறுத்தி, குற்றவாளி யார் என்று அவளைக் கேளுங்கள். சொல்லிவிடுவாள். பிறகு மீதியைப் படியுங்கள். நான் அதே அறையில் நின்றுகொண்டுதான் இருப்பேன்.

முடிந்ததும் அவள் என்ன சொல்கிறாளோ, அதைக் கீழே எழுதுங்கள். ஒரு சொல் மாற்றக் கூடாது. அரைப் பக்கம் விட்டிருக்கிறேன். போதவில்லை என்றால் தாளைத் திருப்புங்கள், பின்பக்கமும் வெறுமையாகத்தான் இருக்கிறது.