எதுக்கு வெளியே?

"ஸ்கேன் ரிப்போர்ட்டக் குடுங்க மாமா."

கேட்கவே கூடாது என்று அம்மா ஹமீதா படித்துப் படித்துச் சொல்லியிருந்ததைத்தான் ஃபாத்தின் கேட்டுவிட்டாள். அத்தா மவுத்தாகிக் கண்மூடிய பிறகு, மலேசியாவின் சுங்கை பினாங்கில் இருந்த அந்த வீட்டுக்கு எல்லாமே தாய்மாமன் அப்துல் ரஹீம்தான். அவர் மனம் கோணக்கூடாது. ரொட்டி சானாய் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது.

"அதான் ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாருலா. நாளைக்கு ஆபரேஷனும் வேணாம். சந்தோஷமா சாப்புடு."

ஃபாத்தின் நம்பவில்லை. மாதவிலக்கு நின்று ஆறு வருடம் கழித்து அம்மாவுக்கு ரத்தம் பட்டது. முதல் ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருப்பது தெரிந்தது. சதைத் துணுக்கைச் சோதித்ததில் புற்றுநோய் உறுதியானது. அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்கத்தான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இருந்த நோய் இரண்டே வாரத்தில் எங்கே போகும்?

பிடுங்காத குறையாக உறையை வாங்கினாள். குடும்பத்தின் முதல் பட்டதாரியான அவளுக்கே அந்த மருத்துவ ஆங்கிலம் பிடிபடவில்லை.

"டாக்டர் சொன்னத அப்படியே சொல்லுங்க."

"வெளிய ஒண்ணும் இல்லன்னாரு."

"எதுக்கு வெளிய?"

மாமா மின்விசிறியைப் பார்த்தார். "பொம்பளைங்க சமாச்சாரம்... அதெல்லாம் எப்படிலா வாயால சொல்றது?"

"கர்ப்பப்பைக்கு வெளிய ஒண்ணும் இல்ல! அப்படின்னா உள்ள இருக்கு மாமா. இன்னும் பரவலன்னு படம் சொல்லுது, இப்பவே எடுத்துடலாம்னு சொல்லுது. நோயாளிய டாக்டர் ரூமுக்கு வெளிய உக்கார வச்சிட்டு நீங்க உள்ள போனீங்க. பாதியத்தான் கொண்டுவந்தீங்க. மலாய்ல கர்ப்பப்பைக்கு ரஹிம்னுதானே பேரு? உங்க பேரச் சொல்லவே உங்களுக்கு வெட்கமா?"

"நல்லதுக்குத்தானேம்மா..." மாமாவின் குரல் தேய்ந்தது.

"ஸ்கேன் ஒண்ணையும் மறைக்கல. நாமதான் மறைக்கிறோம். வெட்கப்பட்டு ஒரு வார்த்தைய முழுங்குனா, அது ஒரு உசுரையே முழுங்கிரும் மாமா."

அம்மா அதட்டுவாள் என்று திரும்பினாள் ஃபாத்தின். அம்மாவோ துடோங் முக்காடு கட்டி, அதில் ஊசியும் குத்தி, ஐ.சி. அடையாள அட்டையோடு வாசலில் நின்றிருந்தாள். நாளைய ஆபரேஷனுக்கு இன்று மதியத்துக்குள் வார்டில் சேர வேண்டும்.

"கர்ப்பப்பை என்னோடது அண்ணே," என்றாள். அந்த வீட்டில் அவள் அந்த வார்த்தையை உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பதிலுக்குக் காத்திராமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். ஃபாத்தின்தான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட வேண்டியிருந்தது.